லினக்ஸ் கர்னலில் பகிரப்படும் மாறியைப் பாதுகாப்பாக வாசிப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

லினக்ஸ் கர்னலில் ஒரே மாறியைப் பல தரப்பினர் ஒரே நேரத்தில் தொடுவது அன்றாட நடைமுறை. ஒரு சிபியுவில் ஓடும் த்ரெட் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சிபியுவில் ஓடும் த்ரெட் அதை வாசிக்கலாம். ஒரே சிபியுவில்கூட, எழுதும் வேலை பாதியில் நிற்க, இடையில் புகுந்த இன்டரப்ட் ஹேண்ட்லர் (சாதனத்தின் அவசர அழைப்பைக் கவனிக்கும் நிரல்) அதே மாறியைப் பார்க்கலாம். சி மொழியில் சாதாரண நிரல்கள் எழுதிப் பழகியவர் முதன்முறையாக ஒரு டிரைவரைத் திருத்த வரும்போது, எழுதுவதில் எச்சரிக்கையாக இருப்பார். வாசிப்பதில் என்ன ஆபத்து வந்துவிடப் போகிறது என்று நினைத்துக்கொள்வார். ஆனால் கர்னலில் கண்டுபிடிக்கக் கடினமான பிழைகளில் பல, தீங்கற்றதாகத் தெரியும் ஒற்றை வாசிப்பில்தான் ஒளிந்திருக்கின்றன. அத்தகைய வாசிப்பை எந்த வரிசையில் யோசித்து எழுத வேண்டும் என்பதை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

கர்னல் பெயர்களையும் சி மொழிச் சொற்களையும் இங்கே தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறேன். நான்காம் படியில் விளக்கப்படும் ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் ஆகிய இரண்டும் மூலநிரலில் முழுக்கப் பெரிய எழுத்துகளில் இருக்கும். எஸ்எம்பி, ஆர்சியு என்று தொடங்கும் செயற்கூறுகள் சிறிய எழுத்துகளில் இருக்கும்.

முதல் படி: யார் யார் தொடுகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

நிரலில் கை வைக்கும் முன், குறிப்பிட்ட மாறியின் பெயரை மூலநிரல் முழுவதும் தேடி, அது வரும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று விவரங்கள் தேவை: அங்கே நடப்பது வாசிப்பா எழுத்தா (அதாவது எழுதும் செயலா), அப்போது எந்தப் பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு) பிடிக்கப்பட்டிருக்கிறது, அந்த நிரல் எந்தச் சூழலில் ஓடுகிறது. சூழல் என்பது சாதாரண த்ரெட்டா, இன்டரப்டா, டைமர் அழைப்பா, ஒர்க்-கியூவா (பின்னர் செய்ய ஒத்திவைத்த வேலைகளின் வரிசை) என்பதைக் குறிக்கும். மாறி ஒரு ஸ்ட்ரக்டின் உறுப்பாக இருந்தால், அந்த ஸ்ட்ரக்ட் எப்போது உருவாகிறது, எப்போது மற்றவர் கண்ணில் படும்படி ஒரு பட்டியலிலோ உலகளாவிய பாயிண்டரிலோ சேர்க்கப்படுகிறது, எப்போது விடுவிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

இந்தத் தாளைப் பார்த்தாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். தொடங்கும்போது ஒருமுறை எழுதப்பட்டு, அதன் பிறகே மற்றவர்களுக்குக் காட்டப்பட்டு, அதற்குப்பின் மாறவே மாறாத மாறியை எப்படி வாசித்தாலும் பிரச்சினை இல்லை. எல்லா வாசிப்புகளும் எல்லா எழுத்துகளும் ஒரே பூட்டின் கீழ் நடந்தால் அதற்கும் தனி ஏற்பாடு தேவையில்லை. ஏதோ ஓர் இடத்தில் ஒருவர் எழுதும்போது இன்னொருவர் பூட்டு இல்லாமல் தொட வாய்ப்பு இருந்தால்தான் அடுத்த படிகள் உங்களுக்கானவை. அப்படித் தொடும் இருவரில் ஒருவராவது ரீட்_ஒன்ஸ் போன்ற எந்தக் குறியீடும் இல்லாத சாதாரண அணுகலைப் பயன்படுத்தினால், அதற்கு டேட்டா ரேஸ் என்று பெயர்.

இரண்டாம் படி: கம்பைலர் உங்கள் வரியை எப்படிப் பார்க்கிறது என்று அறியுங்கள்

கம்பைலர், வேறுவிதமாகச் சொல்லப்படாத வரை, ஒரு மாறியைத் தான் மொழிமாற்றும் இந்த நிரல் மட்டுமே மாற்றும் என்ற நம்பிக்கையில் வேலை செய்கிறது. 2011ஆம் ஆண்டின் சி தரநிலை, டேட்டா ரேஸ் உள்ள நிரலின் நடத்தையை வரையறுப்பதே இல்லை. ஆகவே அந்த நம்பிக்கையில் கம்பைலர் செய்யும் எந்தச் சுருக்கமும் தரநிலைப்படி முறையானதே. கர்னல் தனக்கென்று தனி நினைவக விதிகளை வைத்திருந்தாலும், சாதாரண வாசிப்பை கம்பைலர் மாற்றியமைக்கும் உரிமை அங்கேயும் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அந்த மாற்றங்களில் மூன்று வகைகளைப் புதியவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

முதல் வகை, பல வாசிப்புகளை ஒன்றாக்குவது. கீழ்க்காணும் வரியைப் பாருங்கள்:

வைல் (!நிறுத்து) வேலை_செய்();

வேலை_செய் என்ற செயற்கூறு சிறியதாக இருந்து, கம்பைலர் அதை அந்த இடத்திலேயே விரித்து எழுதி, அதற்குள் நிறுத்து என்ற மாறி தொடப்படவில்லை என்று கண்டுகொண்டால், மடக்கின் ஒவ்வொரு சுற்றிலும் அதே மாறியை மீண்டும் வாசிப்பது வீண் என்று முடிவு செய்யும். மதிப்பை ஒருமுறை ரெஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டு, அது பூஜ்யமாக இருந்தால் முடிவே இல்லாத மடக்கில் நுழைந்துவிடும். இன்னொரு சிபியு எத்தனை முறை நிறுத்து என்பதை 1 ஆக்கினாலும் இந்தச் சிபியு அதைப் பார்க்காது. வேலை_செய் வேறொரு கோப்பில் இருந்தால், அது என்ன செய்யும் என்று கம்பைலருக்குத் தெரியாததால் மறுபடி வாசித்துவிடும். நிரல் சரியாக ஓடுவதுபோல் தோன்றும். பிறகு யாரோ அந்தச் செயற்கூற்றை ஹெடர் கோப்புக்கு நகர்த்தும் நாளில் பிழை வெளிப்படும். அந்த மாற்றத்தைச் செய்தவர்மீது பழி விழும், உண்மையான பிழை அதற்கு முன்பே அங்கே இருந்திருக்கும்.

இரண்டாம் வகை இதற்கு நேர்மாறானது: மூலநிரலில் ஒரே ஒரு வாசிப்பு இருக்க, கம்பைலர் அதை இரண்டாக்குகிறது. இதற்கு மெய்யான ஓர் எடுத்துக்காட்டு, ஒரே கணினியில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஜென் ஹைப்பர்வைசரில் நடந்தது. ஜென்னில் விருந்தினர் இயந்திரமும், சாதனங்களைக் கையாளும் பின்முனை டிரைவரும் ஒரே நினைவகப் பக்கத்தைப் பகிர்ந்துகொண்டு கோரிக்கைகளைப் பரிமாறிக்கொள்கின்றன. லினக்ஸின் பிசிஐ பின்முனை டிரைவர், அந்தப் பகிரப்பட்ட பக்கத்தில் இருந்த கட்டளை எண்ணை ஒரு ஸ்விட்ச் கூற்றில் நேரடியாக வாசித்தது. மூலநிரலைப் படிப்பவருக்கு அங்கே ஒரே வாசிப்புதான் தெரியும். ஆனால் கம்பைலர் அந்த ஸ்விட்சைத் தாவல் அட்டவணையாக மாற்றியபோது, முதலில் நினைவகத்தில் உள்ள எண் வரம்புக்குள் இருக்கிறதா என்று ஒப்பிட்டது. பிறகு அதே எண்ணை நினைவகத்திலிருந்து மீண்டும் ஏற்றி, அட்டவணையில் அந்த இடத்தில் இருந்த முகவரிக்குத் தாவியது. இந்த இரண்டுக்கும் இடையிலான மிகக் குறுகிய நேரத்தில் தீய நோக்குள்ள விருந்தினர் அந்த எண்ணை மாற்றிவிட்டால், வரம்புச் சோதனை பயனற்றுப்போய், அட்டவணைக்கு வெளியே உள்ள ஏதோ ஓர் முகவரிக்குக் கட்டுப்பாடு போகும். பெலிக்ஸ் வில்ஹெல்ம் கண்டறிந்த இந்தக் குறைபாடும் இதே வகையைச் சேர்ந்த பிறவும் 2015 டிசம்பரில் எக்ஸ்எஸ்ஏ-155 என்ற ஜென் பாதுகாப்பு அறிவிப்பு எண்ணில் வெளியிடப்பட்டன. கோரிக்கையை முதலில் சொந்த நினைவகத்துக்கு நகலெடுத்து, சோதனையையும் பயன்பாட்டையும் அந்த நகலின்மீதே செய்யும்படி டிரைவர்கள் திருத்தப்பட்டன.

மூன்றாம் வகை, ஒரு வாசிப்பையோ எழுத்தையோ துண்டாக்குவது. 16 பிட் மாறிலிகளை மட்டும் கட்டளைக்குள் வைக்கக்கூடிய கட்டமைப்புகளில், 65538 என்ற 32 பிட் எண்ணை (மேல் பாதியில் 1, கீழ் பாதியில் 2) எழுதும்போது கம்பைலர் இரண்டு 16 பிட் எழுத்துகளாகப் பிரிக்கலாம். இடையில் வாசிப்பவருக்கு யாரும் எழுதாத ஒரு மதிப்பு கிடைக்கும். இது நடைமுறையில் முந்தைய இரண்டைவிட அரிது. ஆனால் ஐந்தாம் படியில் வரும் 64 பிட் எண்ணின் சிக்கல் இதே குடும்பம்தான், அது அரிதல்ல.

மூன்றாம் படி: பூட்டு போதுமா என்று கேளுங்கள்

பூட்டு இல்லாமல் வாசிக்கும் நுட்பங்களைக் கற்றவுடன் எல்லா இடத்திலும் அவற்றைப் பயன்படுத்தும் ஆசை புதியவர்களுக்கு வருவது இயல்பு. அந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம். ஸ்பின்-லாக்கோ மியூடெக்ஸோ பிடித்துக்கொண்டு வாசித்தால் கம்பைலரின் மூன்று குறும்புகளும், பின்னால் வரப்போகும் வரிசைச் சிக்கலும் ஒருசேரத் தீர்ந்துவிடும். அந்த வாசிப்பு நொடிக்குப் பல லட்சம் முறை நடக்கும் பாதையில் இல்லையென்றால் பூட்டின் செலவை யாரும் உணரப்போவதில்லை. இன்டரப்ட் ஹேண்ட்லரும் அதே மாறியைத் தொடுமானால் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் வகையைப் பயன்படுத்த வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. சாதாரண ஸ்பின்-லாக்கைப் பிடித்திருக்கும்போது அதே சிபியுவில் இன்டரப்ட் வந்து அதே பூட்டுக்குக் காத்திருந்தால் இரண்டும் அப்படியே உறைந்துவிடும்.

எண்ணிக்கை மாறியாக இருந்தால் அட்டாமிக் (இடையில் யாரும் புக முடியாத) வகையும், பொருள்களின் குறிப்பு எண்ணிக்கையாக (ஒரு பொருளை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு) இருந்தால் ரெஃப்கவுன்ட் வகையும் இருக்கின்றன. பூட்டுக்கு அடுத்தபடியாக இவற்றைப் பரிசீலியுங்கள்.

நான்காம் படி: ரீட்_ஒன்ஸ் கொண்டு ஒருமுறை வாசித்து, உள்மாறியில் வைத்துக்கொள்ளுங்கள்

பூட்டு இல்லாமல் வாசித்தே ஆக வேண்டும் என்று தெளிவானபின், வாசிக்கும் இடத்தில் ரீட்_ஒன்ஸையும் எழுதும் இடத்தில் ரைட்_ஒன்ஸையும் பயன்படுத்துங்கள். அவை அந்த ஓர் அணுகலை மட்டும் வாலடைல் அணுகலாக மாற்றுகின்றன. எழுதப்பட்ட இடத்தில், எழுதப்பட்ட எண்ணிக்கையில், இயந்திரச் சொல்லுக்குள் அடங்கும் அளவாக இருந்தால் துண்டாகாமல், அந்த அணுகலை நிகழ்த்தும்படி கம்பைலரைக் கட்டாயப்படுத்துகின்றன. மேலே பார்த்த மடக்கு இப்படி மாறும்:

வைல் (!ரீட்_ஒன்ஸ்(நிறுத்து)) வேலை_செய்();

மாறியை அறிவிக்கும் இடத்திலேயே வாலடைல் என்று எழுதிவிட்டால் வேலை சுலபமல்லவா என்று கேட்கலாம். கர்னல் சமூகம் அதை ஏற்பதில்லை, காரணமும் நியாயமானது. அப்படி அறிவித்தால் பூட்டின் கீழ் நடக்கும் வாசிப்புகளும் தேவையின்றி மெதுவாகும். எந்த வாசிப்பு உண்மையிலேயே போட்டிக்கு உள்ளாகிறது என்பது படிப்பவருக்குத் தெரியாமலும் போகும். ஜிஃபீஸ் என்ற காலக் கணக்கு மாறி மட்டும் பழைய வழக்கத்தால் இன்றும் வாலடைலாக இருக்கிறது.

முன்பு இந்த வேலையை அக்சஸ்_ஒன்ஸ் என்ற ஒற்றை மேக்ரோ செய்துவந்தது. ஜிசிசி 4.6, 4.7 பதிப்புகள், எளிய எண்ணாக இல்லாமல் ஸ்ட்ரக்ட் போன்ற கூட்டு வகையாக இருந்த மாறிகளில் வாலடைல் குறியைத் தவறவிட்டது தெரியவந்ததால், 2015 பிப்ரவரியில் வந்த 3.19 பதிப்பில் ரீட்_ஒன்ஸ் அறிமுகமானது; 2018 ஜனவரியின் 4.15 பதிப்பில் அக்சஸ்_ஒன்ஸ் அடியோடு நீக்கப்பட்டது. பழைய விளக்கங்களில் அந்தப் பெயரைக் கண்டால் குழம்ப வேண்டாம்.

ரீட்_ஒன்ஸைப் பயன்படுத்தும்போது புதியவர் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு:

இஃப் (ரீட்_ஒன்ஸ்(கருவி->அளவு) <= எல்லை)
    நகலெடு(இலக்கு, மூலம், ரீட்_ஒன்ஸ்(கருவி->அளவு));

இங்கே இரண்டு வாசிப்புகளும் குறியிடப்பட்டிருக்கின்றன, ஆனாலும் நிரல் தவறு. சோதித்த மதிப்பும் பயன்படுத்திய மதிப்பும் வெவ்வேறாக இருக்கலாம். ஜென்னில் கம்பைலர் செய்ததை இங்கே நாமே செய்திருக்கிறோம். சரியான வடிவம் இது:

சைஸ்_டி அ = ரீட்_ஒன்ஸ்(கருவி->அளவு);
இஃப் (அ <= எல்லை)
    நகலெடு(இலக்கு, மூலம், அ);

ஒரு முடிவுக்கு ஒரு வாசிப்பு என்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பயனர் நினைவகத்திலிருந்து எடுக்கும் தரவுக்கும் இதே நெறி பொருந்தும்: தலைப்பகுதியை ஒருமுறை காப்பி_ஃப்ரம்_யூசர் மூலம் எடுத்து அளவைச் சோதித்துவிட்டு, பிறகு முழுவதையும் மீண்டும் எடுத்து அதில் உள்ள அளவை நம்புவது பழைய, பலமுறை தாக்குதலுக்கு உள்ளான பிழை வடிவம்.

எந்தெந்த இடங்களில் குறியிட வேண்டும் என்பதற்கு உங்கள் தாளை மீண்டும் பாருங்கள். எல்லா எழுத்துகளும் ஒரு பூட்டின் கீழ் நடந்து, சில வாசிப்புகள் மட்டும் பூட்டுக்கு வெளியே நடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெளியே நடக்கும் வாசிப்புகளுக்கு ரீட்_ஒன்ஸ் வேண்டும்; பூட்டுக்குள் நடக்கும் எழுத்துகளுக்கும் ரைட்_ஒன்ஸ் வேண்டும், ஏனெனில் வெளியே உள்ள வாசகர் அவற்றோடு மோதுகிறார். பூட்டுக்குள் நடக்கும் வாசிப்புகளோ சாதாரணமாகவே இருக்கலாம். அந்த நேரத்தில் எழுதக்கூடியவர் எவரும் இல்லை. அவற்றைக் குறியிடாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. அப்போதுதான் தவறான இடத்தில் யாராவது பூட்டில்லாமல் எழுதினால் எட்டாம் படியில் வரும் கருவி அதைப் பிடித்துத் தரும்.

இன்னோர் எச்சரிக்கை. ரைட்_ஒன்ஸுக்குள் ரீட்_ஒன்ஸ் வைத்து ஒன்றைக் கூட்டி எழுதினால் அது அட்டாமிக் கூட்டல் ஆகிவிடாது. இரு சிபியுக்கள் ஒரே நேரத்தில் 7 என்று வாசித்து, இரண்டுமே 8 என்று எழுதினால் ஒரு கூட்டல் காணாமல் போகும். பலர் கூட்டும் எண்ணுக்கு அட்டாமிக்_இங்க் போன்றவையே தகும்.

ஐந்தாம் படி: மாறியின் அளவைச் சரிபாருங்கள்

32 பிட் இயந்திரத்தில் 64 பிட் எண் இரண்டு பாதிகளாகவே பொதுவாக நினைவகத்திலிருந்து வருகிறது. மதிப்பு 4294967295 ஆக இருக்கும்போது வாசகர் கீழ்ப் பாதியை எடுக்கிறார். அதில் எல்லா பிட்டுகளும் 1. அந்தக் கணத்தில் எழுதுபவர் ஒன்றைக் கூட்ட, மதிப்பு 4294967296 ஆகிறது. வாசகர் இப்போது மேல் பாதியை எடுக்கிறார். அதில் 1 இருக்கிறது. அவர் கையில் சேர்வது 8589934591. மாறி ஒருபோதும் ஏற்காத இந்த எண்ணை ரீட்_ஒன்ஸ் தடுக்காது. அதன் அளவுச் சோதனை 8 பைட் வகையை 32 பிட்டிலும் கம்பைல் ஆக அனுமதிக்கிறது என்பதால், பிழைச்செய்தி வரவில்லை என்று நிம்மதி கொள்ளவும் முடியாது.

இதற்குக் கர்னலில் உள்ள வழி சீக்வென்ஸ் எண்ணிக்கை முறை. எழுதுபவர் தொடங்கும்போது ஓர் எண்ணிக்கையை ஒற்றைப்படையாக்கி, எழுதி முடித்ததும் மீண்டும் இரட்டைப்படையாக்குகிறார். வாசகர் ரீட்_சீக்பிகின் மூலம் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, தரவை நகலெடுத்து, ரீட்_சீக்ரீட்ரை மூலம் எண்ணிக்கை மாறிவிட்டதா என்று பார்க்கிறார். மாறியிருந்தால் திரும்பச் செய்கிறார். 32 பிட்டில் கெட்_ஜிஃபீஸ்_64 இப்படித்தான் இயங்குகிறது. வலைப்பின்னல் டிரைவர்களின் 64 பிட் புள்ளிவிவரங்களுக்கு யு64_ஸ்டாட்ஸ் என்ற தொகுதி இருக்கிறது. 64 பிட் இயந்திரங்களில் அதற்குச் சீக்வென்ஸ் எண்ணிக்கையே தேவைப்படுவதில்லை. இம்முறையைக் கையாளும்போது இரண்டைக் கவனியுங்கள்: எழுதுபவர்கள் தங்களுக்குள் ஒரு பூட்டால் வரிசைப்பட்டிருக்க வேண்டும், நகலெடுக்கும் பகுதிக்குள் பாயிண்டர் எதையும் பின்தொடரக் கூடாது, ஏனெனில் அந்தப் பாயிண்டர் காட்டும் பொருள் அதற்குள் விடுவிக்கப்பட்டிருக்கலாம்.

ஆறாம் படி: வரிசை முக்கியமா என்று பாருங்கள்

ரீட்_ஒன்ஸ் கம்பைலரைக் கட்டுப்படுத்தும். சிபியுவை அது கட்டுப்படுத்தாது. ஒரே ஒரு கொடி மாறியின் மதிப்பு மட்டும் போதுமென்றால் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் பெரும்பாலான கொடிகள் வேறொரு தரவைப் பற்றி ஏதோ சொல்வதற்காகவே இருக்கின்றன, அங்கேதான் இந்த விஷயம் கனமாகிறது.

ஒரு த்ரெட் பஃபரில் தரவை நிரப்பிவிட்டு தயார் என்ற கொடியை 1 ஆக்குகிறது. இன்னொரு சிபியுவில் வாசகர் தயார் 1 ஆக இருக்கிறதா என்று பார்த்து, ஆம் என்றால் பஃபரை வாசிக்கிறார். இரு பக்கமும் ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் எழுதியாகிவிட்டது. இன்டெல், ஏஎம்டி (எக்ஸ்86) இயந்திரத்தில் சிபியு ஒரு தரப்பின் எழுத்துகளை மற்றவர்களுக்கு எழுதிய வரிசையிலேயே காட்டும், வாசிப்புகளையும் வரிசையாகவே நடந்ததுபோல் காட்டும்; ஆகவே அங்கே எவ்வளவு நேரம் சோதித்தாலும் சிபியுவால் பிழை வராது. அதே நிரலை ஆர்ம் இயந்திரத்தில் ஓட்டினால், கொடி 1 என்று தெரிந்தபின்னும் பஃபரில் பழைய தரவு கிடைக்கலாம். எழுதும் சிபியுவிடமிருந்து கொடி முதலிலும் தரவு பின்னரும் வெளிப்படலாம். அல்லது வாசிக்கும் சிபியு ஊகத்தின் பேரில் பஃபரை முன்கூட்டியே வாசித்து வைத்திருக்கலாம். உங்கள் மேசையில் இருப்பது எக்ஸ்86 மடிக்கணினியாகவும், நிரல் போய்ச் சேரும் இடம் கைபேசியாகவோ ராஸ்பெர்ரி பையாகவோ இருந்தால், சோதனையில் தேறியது என்ற சொல்லுக்கு இங்கே பொருளே இல்லை.

இஃப் போட்டுக் கொடியைச் சோதித்த பிறகுதானே பஃபரை வாசிக்கிறோம், அந்த நிபந்தனையே வரிசையை உறுதி செய்யாதா என்று பலரும் கேட்பார்கள். செய்யாது. நிபந்தனைக்குப்பின் வரும் எழுத்தை சிபியு முன்னதாக வெளியிடாது, ஆனால் நிபந்தனைக்குப்பின் வரும் வாசிப்பை முன்கூட்டியே செய்ய அதற்கு உரிமை உண்டு.

தீர்வு, எழுதுபவர் கொடியை எஸ்எம்பி_ஸ்டோர்_ரிலீஸ் மூலம் வைப்பதும், வாசகர் அதை எஸ்எம்பி_லோட்_அக்வையர் மூலம் எடுப்பதும்:

எஸ்எம்பி_ஸ்டோர்_ரிலீஸ்(&தயார், 1);

இஃப் (எஸ்எம்பி_லோட்_அக்வையர்(&தயார்))
    பஃபரை_வாசி();

ரிலீஸுக்கு முன் நடந்தவை எல்லாம், அந்த மதிப்பைப் பார்த்த அக்வையருக்குப் பின் நடப்பவற்றுக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் பயன். ஒரு பக்கம் மட்டும் எழுதுவது எதையும் தராது. எக்ஸ்86 இல் இவை சாதாரண ஏற்றலாகவும் எழுத்தாகவுமே மாறுகின்றன, கம்பைலர் வரிசை மாற்றாமல் தடுப்பது மட்டுமே கூடுதல். ஆகவே செலவுக்குப் பயந்து தவிர்க்கத் தேவையில்லை. எஸ்எம்பி_ஆர்எம்பி, எஸ்எம்பி_டபிள்யூஎம்பி என்ற தனித் தடைகளும் (வரிசை மாறாமல் தடுப்பவை) இருக்கின்றன. புதியவர்களுக்கு ரிலீஸ்–அக்வையர் இணையையே பரிந்துரைப்பேன், ஏனெனில் எந்த மாறியைச் சார்ந்து வரிசை கேட்கப்படுகிறது என்பது அந்த வரியிலேயே தெரிகிறது.

தான் ஒன்றை எழுதிவிட்டு மற்றவர் எழுதியதை வாசிப்பது என்ற வடிவத்தை மட்டும் இந்த இணை காப்பாற்றாது. இரு தரப்பும் அவரவர் கொடியை உயர்த்திவிட்டு அடுத்தவர் கொடியைப் பார்க்கும்போது, எக்ஸ்86 இல்கூட இருவருக்குமே பூஜ்யம் தெரியலாம். அதற்கு எஸ்எம்பி_எம்பி என்ற முழுத் தடை வேண்டும். உறங்குவதும் எழுப்புவதும் தொடர்பான நிரல்களில் இவ்வடிவம் அடிக்கடி வருவதால், அங்கே சொந்தமாக எதையும் கட்டாமல் வெயிட்_ஈவென்ட் தொகுதியைப் பயன்படுத்துங்கள். தேவையான தடைகள் அதற்குள்ளேயே இருக்கின்றன.

ஏழாம் படி: பாயிண்டராக இருந்தால்

பாயிண்டரை வாசிப்பதில் கூடுதல் கேள்வி ஒன்று எழுகிறது: நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொருள் விடுவிக்கப்பட்டால் என்ன ஆகும்? ரீட்_ஒன்ஸால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. வாசகர்கள் முடிக்கும் வரை பொருளை விடுவிக்காமல் வைத்திருக்கும் ஆர்சியு முறையில், ஆர்சியு_ரீட்_லாக், ஆர்சியு_ரீட்_அன்லாக் ஆகிய இரண்டுக்கும் இடையில் ஆர்சியு_டிரெஃபரன்ஸ் மூலம் பாயிண்டரை எடுத்து, அந்தப் பகுதிக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். அன்லாக்குக்குப் பின் அந்தப் பாயிண்டரைத் தொடக்கூடாது. தொட வேண்டுமென்றால் அதற்கு முன்பே குறிப்பு எண்ணிக்கை ஒன்றை எடுத்திருக்க வேண்டும். எழுதுபவர் புதிய பொருளை முழுமையாகத் தயாரித்தபின் ஆர்சியு_அசைன்_பாயிண்டர் மூலம் வெளியிட்டு, பழையதைக் கேஃப்ரீ_ஆர்சியு மூலம் விடுவிக்க வேண்டும்.

சாதனங்களின் ரெஜிஸ்டர்கள் இந்தக் கணக்கில் சேராது. அவற்றுக்கு ரீட்எல், ரைட்எல் போன்ற தனிச் செயற்கூறுகள் உண்டு.

எட்டாம் படி: கேசிசேன் கொண்டு சோதியுங்கள்

2020 ஆகஸ்டில் வெளியான 5.8 பதிப்பு முதல் கர்னலில் கேசிசேன் என்ற டேட்டா ரேஸ் கண்டுபிடிப்பான் இருக்கிறது. கர்னல் உள்ளமைவில் அதற்கான விருப்பத்தை இயக்கி, கிளாங் 11 அல்லது ஜிசிசி 11, அல்லது அவற்றுக்குப் பிந்தைய பதிப்பால் கம்பைல் செய்து, க்யூஇஎம்யூ என்ற மெய்நிகர் இயந்திரத்தில் குறைந்தது இரண்டு, முடிந்தால் நான்கு சிபியுக்கள் கொடுத்து ஓட்டுங்கள். ஒரே சிபியு கொடுத்துவிட்டு ஒன்றும் அகப்படவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிது. சில ஆயிரம் நினைவக அணுகல்களுக்கு ஒன்றாக மாதிரி எடுத்து, அந்த முகவரியில் ஒரு கண்காணிப்பை வைத்து, சிறிது நேரம் காத்திருக்கும். அதற்குள் இன்னொரு சிபியு அதே முகவரியைத் தொட்டாலோ, மதிப்பு மாறிவிட்டாலோ, அறிக்கை தரும். இயல்பு அமைப்பில் த்ரெட்டுகளுக்கு 80 மைக்ரோ நொடியும் இன்டரப்டுகளுக்கு 20 மைக்ரோ நொடியும் அந்தக் காத்திருப்பு. மாதிரி எடுக்கும் முறை என்பதால், அறிக்கை வராததைப் பிழையின்மைக்கான சான்றாகக் கொள்ள முடியாது. உங்கள் நிரலுக்கு நீண்ட நேரம் நல்ல சுமை கொடுத்து ஓட்ட வேண்டும்.

அறிக்கையின் முதல் வரியில் மோதிய இரு செயற்கூறுகளின் பெயர்கள் சாய்கோட்டால் பிரிக்கப்பட்டிருக்கும். அதன் கீழ், எந்த முகவரியில், எத்தனை பைட், எந்தத் த்ரெட் அல்லது இன்டரப்ட், எந்தச் சிபியு, வாசிப்பா எழுத்தா என்ற விவரத்தோடு இரண்டு அழைப்பு அடுக்குகள் வரும். மதிப்பு மாறியது தெரிந்திருந்தால் பழையதும் புதியதும் ஒரு வரியில் இருக்கும். குறியிடப்பட்ட அணுகலாக இருந்தால் அதுவும் குறிப்பிடப்படும். முதல் படியில் எழுதிய தாளை எடுத்து, இந்த இரு இடங்களும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாத ஓர் இடம் அறிக்கையில் வந்தால், பிரச்சினை நீங்கள் நினைத்ததைவிடப் பெரியது.

இயல்பு அமைப்பில் கேசிசேன் ஒரு சலுகை தருகிறது: இயந்திரச் சொல்லுக்குள் அடங்கும், முகவரி ஒழுங்குள்ள சாதாரண எழுத்துகளை அட்டாமிக்காக நடப்பவை என்றே எடுத்துக்கொள்கிறது. ஆகவே நீங்கள் வாசிக்கும் பக்கத்தில் மட்டும் ரீட்_ஒன்ஸ் எழுதி, எழுதும் பக்கத்தில் ரைட்_ஒன்ஸை மறந்துவிட்டால் அது மௌனமாக இருக்கும். புதிய நிரலைச் சோதிக்கும்போது அந்தச் சலுகையை உள்ளமைவில் அணைத்துவிடுங்கள்.

அறிக்கை வந்தவுடன் அதை வாயடைப்பதற்காக ரீட்_ஒன்ஸைத் தூவுவது இந்தத் துறையின் மிகப் பொதுவான கெட்ட பழக்கம், பராமரிப்பாளர்கள் அத்தகைய திருத்தங்களைத் திருப்பி அனுப்புவது முற்றிலும் நியாயம். பூட்டுப் பிடிக்க மறந்த இடத்தில் ரீட்_ஒன்ஸ் எழுதினால் அறிக்கை போய்விடும், பிழை இருக்கும், இனி அதைக் காட்டித்தர யாரும் இல்லை. மோதலே நடக்கக்கூடாது என்றால் பூட்டைச் சேருங்கள். மோதல் திட்டமிட்டதே என்றால் ரீட்_ஒன்ஸும் ரைட்_ஒன்ஸும் எழுதுங்கள். பிழைகாணும் செய்தியில் அச்சிடுவதற்காக மட்டும் வாசிக்கும் மதிப்பு, எப்படி இருந்தாலும் கவலையில்லை என்றால் டேட்டா_ரேஸ் என்ற மேக்ரோ இருக்கிறது. அது கேசிசேனிடம் விலக்குக் கேட்கும், கம்பைலரைக் கட்டுப்படுத்தாது. ஒருவர் மட்டுமே எழுத வேண்டிய மாறி என்றால் அசர்ட்_எக்ஸ்க்ளூசிவ்_ரைட்டர் எழுதி, அந்த நம்பிக்கையைக் கேசிசேனே சோதிக்கும்படி செய்யலாம்.

திருத்தத்தை அனுப்பும்போது, பூட்டில்லாத ஒவ்வொரு வாசிப்புக்கும் மேலே ஒரு குறிப்பு எழுதுங்கள்: எந்தச் செயற்கூற்றில் உள்ள எழுத்தோடு இது மோதுகிறது, பழைய மதிப்பு கிடைத்தால் ஏன் பரவாயில்லை. அக்வையர் என்றால் அதன் இணையான ரிலீஸ் எந்தச் செயற்கூற்றில் இருக்கிறது என்பதையும் பெயரோடு குறிப்பிடுங்கள். கேசிசேன் அறிக்கை இருந்தால் அதைத் திருத்த விளக்கத்தில் முழுமையாக ஒட்டி, அதைத் தூண்டிய சுமை என்ன, எத்தனை சிபியு கொடுத்தீர்கள் என்றும் எழுதுங்கள். பராமரிப்பாளர் முதலில் கேட்கப்போகும் கேள்விகள் அவைதான்.